மோர் இல்லாமல் சாப்பாட்டை எப்படி முடிப்பது? (மாடித்தோட்டக் காய், நனிசைவ மகன், நான்)

மாடிவீட்டு மதுரைக்காரி

வணக்கம் எல்லாருக்கும். மகன் புனேயில் வேலை பார்க்கிறான். ஒன்றரை வருஷமாகப் பால், தயிர், நெய், தேன் எதையும் தொடுவதில்லை, நனிசைவமாம். அங்கே அவனே பொங்கித் தின்றுகொண்டிருந்தவரை எனக்கு அதில் ஒரு சண்டையும் இல்லை. இப்போது 3 மாதம் வீட்டிலிருந்தே வேலை என்று பெட்டியோடு வந்து இறங்கிவிட்டான்.

மாடியில் ஆடிப்பெருக்கை ஒட்டிப் போட்ட விதையெல்லாம் இந்தப் புரட்டாசியில் காய்த்துத் தள்ளுகிறது. வெண்டை 10 பை, கொத்தவரை 6 பை, பீர்க்கு 2 கொடி, புடலை ஒன்று. கத்தரி இப்போதுதான் பூவெடுத்திருக்கிறது, அவரை கொடி மட்டும் பந்தலை மூடி நிற்கிறது. வெண்டையை ஒருநாள் விட்டு ஒருநாள் பறிக்காவிட்டால் நாராகிவிடுகிறது, அதனால் என்ன சமைப்பது என்பதை நான் முடிவு செய்வதில்லை, செடி முடிவு செய்கிறது.

உட்கார்ந்து கணக்குப் பார்த்தேன். நம் வீட்டில் தினமும் செய்வதில் முக்கால்வாசி அவன் சாப்பிடக்கூடியதுதான். சாம்பார், புளிக்குழம்பு, ரசம், பொரியல், கூட்டு, துவையல் எதிலும் பால் இல்லை. 4 இடத்தில்தான் இடிக்கிறது: பருப்புச் சாதத்துக்கு நெய், மோர்க்குழம்பு, காலைக் காப்பி, அப்புறம் கடைசியில் மோர்ச்சோறு. நெய்க்குப் பதில் செக்கு நல்லெண்ணெய் ஊற்றினேன், ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டான். காப்பிக்குக் கருப்பட்டி போட்ட கடுங்காப்பி. மோர்க்குழம்பைத் தள்ளி வைத்துவிட்டேன். அந்த நாலாவதில்தான் மாட்டிக்கொண்டேன். ரசத்தோடு எழுந்துவிடுகிறான், 4 மணிக்கு அடுப்படியில் வந்து டப்பா டப்பாவாகத் திறந்து பார்க்கிறான். கேட்டால் "சாப்பிட்ட மாதிரியே இல்லைம்மா" என்கிறான். மாமியார் வேறு "மோர் ஊத்தாம எந்திரிச்சா அது சாப்பாடா, சாமிக்குப் படைச்சதா" என்று தினம் ஒருமுறை கேட்கிறார்.

யாராவது இதைக் கடந்து வந்திருக்கிறீர்களா?

அரைவேக்காடு

நான் கடந்து வந்தவன், 2 வருஷம் ஆகிறது, சென்னையில் தனி அறை. முதலில் செய்யக்கூடாததைச் சொல்லிவிடுகிறேன் அக்கா. கடையில் சோயாத் தயிர் என்று சின்ன டப்பாவில் விற்கிறார்கள், ஆசைப்பட்டு வாங்கி, சோற்றில் பிசைந்து, மாங்காய் ஊறுகாய் வைத்து ஒரு வாய் போட்டேன். உள்ளே வெனிலா வாசம். ஊறுகாயும் வெனிலாவும் வாயில் சந்தித்த அந்த நிமிஷத்தை நான் மறக்கவே மாட்டேன். இனிப்புச் சேர்க்காத வகையும் உண்டு, லேபிளைப் படித்து வாங்க வேண்டும், ஆனால் தினமும் வாங்கினால் கட்டுப்படியாகாது.

நெல்லைக்காரன்

மதுரைக்காரம்மா, உங்களுக்குத் தேவை மோருக்கு மாற்று என்று எனக்குத் தோன்றவில்லை. சோறு வழுக்கிக்கொண்டு உள்ளே போக வெள்ளையாக, கொஞ்சம் புளிப்பாக, காரம் தணிந்த ஏதோ ஒன்று வேண்டும். எங்கள் பக்கம் அதற்குச் சொதி இருக்கிறது. திருநெல்வேலியில் கல்யாணத்துக்கு மறுநாள் மறுவீட்டுச் சாப்பாட்டில் போடுவது. சாம்பாரே கிடையாது அன்றைக்கு. சொதி, இஞ்சித் துவையல், உருளைக்கிழங்கு வறுவல், அவ்வளவுதான்.

4 பேருக்கு ஒரு பெரிய தேங்காய். மூன்று முறை பால் எடுத்துத் தனித்தனியாக வையுங்கள், இதில் சோம்பல்பட்டு மிக்ஸியில் ஒரே அடியாக அடித்து வடிகட்டினால் சொதி வராது, தேங்காய்த் தண்ணீர்க் குழம்புதான் வரும். பாசிப்பருப்பு ஒரு கைப்பிடி, குழையாமல் வேகவைத்தது. இஞ்சியும் பச்சைமிளகாயும் அரைத்து வைத்துக்கொள்ளுங்கள், சிவப்பு வத்தல் பக்கமே போகக்கூடாது, நிறம் கெட்டுவிடும். சின்ன வெங்காயத்தையும் பூண்டையும் தேங்காயெண்ணெயில் சிவக்காமல் வதக்கி, மூன்றாம் பாலில் முருங்கைக்காய், கேரட், பீன்ஸ், உருளை எது இருக்கிறதோ அதை வேகவிட்டு, அரைத்ததையும் பருப்பையும் சேர்த்து இரண்டாம் பாலை ஊற்றிக் கொதிவிடுங்கள். கடைசியில் முதல் பால். அதை ஊற்றியபின் கொதிக்கக்கூடாது, ஓரத்தில் நுரை கூடும்போதே இறக்கிவிட வேண்டும். சூடு கொஞ்சம் ஆறியபிறகுதான் எலுமிச்சை. அடுப்பில் இருக்கும்போதே பிழிந்தால் திரிந்துபோகும், என் வீட்டுக்காரி தலைத்தீபாவளிக்கு எங்கள் வீட்டில் சொதி வைத்து அப்படித்தான் திரித்தாள், 30 வருஷம் ஆகியும் எங்கள் அத்தை சொல்லிக்காட்டுவதை நிறுத்தவில்லை.

பீர்க்கை இதில் போடாதீர்கள், தண்ணீர் விட்டு நீர்த்துவிடும். இஞ்சித் துவையல் கட்டாயம், தேங்காய்ப்பால் வயிற்றில் கனக்கும் என்றுதான் அதை ஜோடி சேர்த்திருக்கிறார்கள்.

வடமராட்சி அக்கா

அண்ணாச்சி சொன்ன சொதி விருந்துச் சொதி. எங்கட யாழ்ப்பாணத்துச் சொதி அன்றாடச் சொதி, 15 நிமிஷ வேலை. வெங்காயம், பச்சைமிளகாய், கொஞ்சம் வெந்தயம், கறிவேப்பிலை, மஞ்சள், இதுகளைத் தண்ணிப்பாலில் அவியவிட்டு, கட்டிப்பால் விட்டு ஒரு கொதி வர முதல் இறக்கி, தேசிக்காய்ப் புளி, அதுதான் உங்கட எலுமிச்சை. பருப்பு இல்லை, அரைப்பு இல்லை. இடியப்பத்துக்கும் புட்டுக்கும்தான் என்று வெளியில் உள்ளவர்கள் நினைப்பார்கள், எங்கட வீட்டில் மத்தியானச் சோற்றின் கடைசிப் பிடிக்கும் சொதிதான் விடுவோம். உங்கள் மகனின் பிரச்சினைக்கு இது நேர் மருந்து.

ஒரு வேடிக்கை சொல்கிறேன். எங்கட சமையலில் "கறிக்குப் பால் விட்டாச்சோ" என்று கேட்டால் அது தேங்காய்ப்பால். மாட்டுப்பால் என்றால் தேத்தண்ணிக்கு. அதனால் இந்த நனிசைவம் என்பது எங்களுக்குப் பாதி பழகின விஷயம். ஆனால் ஒன்றைக் கவனியுங்கோ, கடையில் வாங்கும் சம்பல் போத்தலில் மாசி கலந்திருக்கலாம். மாசி என்றால் மாசிக்கருவாடு. மரக்கறிக் கடை என்று நம்பி வாங்கி ஏமாந்த ஆட்கள் இருக்கினம்.

சந்தேகப் பிராணி

எல்லாம் சரி. வெள்ளைக்காரன் 1944-ல் பெயர் வைத்த ஒரு பழக்கத்துக்கு எதற்கு இவ்வளவு பாடு? நம் சைவத்தில் பால் உண்டு, தயிர் உண்டு, நெய் உண்டு. அதோடு பி12 சத்துக்கு என்ன செய்வார்? செடிகொடியில் அது கிடையாது. பெற்ற தாய் அதைக் கேட்காமல் சொதி செய்முறை எழுதி வாங்கிக்கொண்டிருக்கிறீர்கள்.

அரைவேக்காடு

பி12 பற்றிச் சொன்னது உண்மை, அதில் வாதமே இல்லை. பால், முட்டை, மீன், இறைச்சி எதுவும் சாப்பிடாதவர் மாத்திரையாகவோ சத்துச் சேர்த்த உணவாகவோ எடுத்துத்தான் ஆக வேண்டும். நான் மருத்துவரைக் கேட்டு மாத்திரை எடுக்கிறேன். கீரையில் இருக்கிறது, சுருள்பாசியில் இருக்கிறது என்று யாராவது வந்து எழுதுவார்கள், நம்பாதீர்கள். 1944 கதைக்கு மட்டும் ஒரு பதில்: டொனால்ட் வாட்சன் "வீகன்" என்ற அந்தச் சொல்லை உண்டாக்குவதற்கு முன்பே என் பாட்டி வத்தக்குழம்பு வைத்துக்கொண்டிருந்தார்.

மாடிவீட்டு மதுரைக்காரி

சந்தேகம் கேட்டவருக்கு, மகன் மாத்திரை போடுகிறான், வந்த அன்றைக்கே பையைத் துழாவிப் பார்த்துவிட்டேன், தாய்தானே.

நேற்று சொதி வைத்தேன். அண்ணாச்சி சொன்ன மாதிரி மூன்று பால் எடுத்து, மாடியில் முருங்கை இல்லாததால் பக்கத்து வீட்டில் 2 காய் வாங்கி. மகன் மூன்று முறை சோறு வாங்கினான். மாமியாருக்கும் பிடித்தது, ஆனால் "இது ஞாயித்துக்கிழமைக்குச் சரி, தினமும் தேங்காய்க்கு எங்கே போவே" என்றார், அதுவும் நியாயம், இன்று சந்தையில் தேங்காய் விலையைக் கேட்டுவிட்டு ஒன்றோடு திரும்பி வந்தேன். அக்கா சொன்ன தண்ணிச் சொதியை அரைமூடியில் வைத்துப் பார்க்கிறேன்.

இதற்கிடையில் பீர்க்கு ஒரே நாளில் 3 காய். சதையைப் பாசிப்பருப்புக் கூட்டாக்கினேன், இளசான தோலை எறியாமல் நல்லெண்ணெயில் பச்சை வாசம் போகச் சுருள வதக்கி, உளுந்து, 4 வத்தல், சுண்டைக்காயளவு புளி, கொஞ்சம் தேங்காய் வைத்து அம்மியில் கரகரவென்று துவையல் அரைத்தேன். மிக்ஸியில் அரைத்தால் தோல் நார் ஒரு பக்கம், மசிந்தது ஒரு பக்கம் என்று நிற்கும். ஒரு காய் மட்டும் நுனியைக் கிள்ளி வாயில் வைத்ததும் கடுங்கசப்பு.

மண்புழு

கசந்த காயைக் குப்பைக்கே அனுப்புங்கள், மசாலாவில் மறைத்துவிடலாம் என்று நினைக்க வேண்டாம். பீர்க்கு, சுரை, வெள்ளரி எல்லாவற்றிலும் சில காயில் குக்குர்பிட்டாசின் என்ற நஞ்சு கூடிவிடும், வேகவைத்தாலும் போகாது. கசந்த சுரைக்காய்ச் சாறு குடித்து உயிர்போனவர்களே நம் நாட்டில் உண்டு. நுனியைக் கிள்ளி நாக்கில் வைத்துப் பார்க்கும் பழக்கத்தை விடாதீர்கள்.

இன்னொன்று கேட்கிறேன், கோபப்படக்கூடாது. செடிக்கு என்ன தெளிக்கிறீர்கள்?

மாடிவீட்டு மதுரைக்காரி

15 நாளைக்கு ஒருமுறை மீன் அமிலம். லிட்டருக்கு 5 மில்லி. இடையில் பஞ்சகவ்யம்.

ஐயோ.

அரைவேக்காடு

😂😂😂 மகனுக்குத் தெரியுமா?

மாடிவீட்டு மதுரைக்காரி

தெரியாது. தெரியவும் வேண்டாம். அந்த டப்பாவைத் திறந்தாலே மூன்றாம் தெருவுக்கு வாசம் போகும், "என்னம்மா நாற்றம்" என்று கேட்டதற்கு "உரம்" என்று மட்டும் சொல்லியிருக்கிறேன்.

மண்புழு

கேட்டதன் காரணம் இதுதான். மீனையும் வெல்லத்தையும் சம அளவு போட்டு ஊறவைத்ததைத் தெளித்த வெண்டைக்காய் நனிசைவமா என்று என்னிடம் ஒரு பையன் கேட்டான், பதில் சொல்ல முடியவில்லை. பஞ்சகவ்யத்தில் சாணம், கோமியத்தோடு பால், தயிர், நெய் எல்லாம் சேர்கிறது. கடையில் வாங்கும் மண்கலவையில் எலும்புத்தூள் இருக்கலாம். இதையெல்லாம் நோண்டினால் சந்தையில் வாங்கும் காய் எதையும் சாப்பிட முடியாது, ஏனென்றால் அது எந்த எருவில் விளைந்தது என்று யாருக்கும் தெரியாது. என் கருத்து, தட்டில் விழுவதைப் பார்த்தால் போதும். ஆனால் வளர்ப்பது நீங்களே என்பதால் உங்களுக்கு மாற்ற வழி இருக்கிறது. கடலைப் புண்ணாக்கு 100 கிராம் ஒரு லிட்டர் தண்ணீரில் 3 நாள் ஊறட்டும், அதை 10 மடங்கு தண்ணீர் கலந்து வேரில் ஊற்றுங்கள். வாடை இதற்கும் உண்டு, மீனளவு இல்லை. பூச்சிக்கு வேப்பெண்ணெய்க் கரைசல். அடுப்படிக் கழிவை மட்கவைத்துப் போடுங்கள்.

சந்தேகப் பிராணி

இதைத்தான் நான் சொல்ல வந்தேன், எங்கே போய் நிற்கும் என்று தெரியாத கொள்கை.

வடமராட்சி அக்கா

எங்கேயாவது நிற்கட்டும் தம்பி, நீங்கள் இப்ப என்ன சாப்பிட்டீங்கள் என்று நாங்கள் கேட்டமோ?

கொங்குக்காரி

தாமதமா வந்துட்டேனுங்க. தயிர் வேணும்னா கடலைத் தயிர் போடுங்க, எங்க வீட்டுல மருமவளுக்குப் பால் ஒத்துக்காது, அதனால 3 வருசமா இதுதான் ஓடுது. பச்சை நிலக்கடலை ஒரு டம்ளர் ராத்திரி ஊறப்போட்டு, காலையில் கைக்குள் வச்சுத் தேய்ச்சா தோல் கழண்டுடும். முடிஞ்சவரை எல்லாத் தோலையும் எடுத்துடுங்க, இல்லைன்னா நிறம் மங்கும், துவர்க்கும். 3 டம்ளர் தண்ணி விட்டு நைசா அரைச்சு, மெல்லிசு துணியில் வடிகட்டி, அந்தப் பாலை அடிபிடிக்காமல் கிண்டிக்கிட்டே நல்லாக் கொதிக்கவிடணும். இங்கதான் எல்லாரும் தப்புப் பண்றாங்க, லேசா சூடு காட்டி இறக்கிடுவாங்க, அப்புறம் பச்சைக் கடலை நாத்தம் அடிக்குதுன்னு புலம்புவாங்க. விரல் பொறுக்கற சூட்டுக்கு ஆறினதும் பச்சைமிளகாய்க் காம்பு 8, 10 கிள்ளிப் போட்டு மூடி வச்சுடுங்க. அந்தக் காம்புல இருக்கற நுண்ணுயிரே உறைகுத்திடும்.

முதல் தடவை தண்ணி மாதிரிதான் வரும், அதைக் கொட்டிடாதீங்க, அதுல 2 ஸ்பூன் எடுத்து அடுத்த பாலுக்கு உறை ஊத்துங்க. ரெண்டாவது, மூணாவது தடவைதான் கெட்டியா நிக்கும். வடிகட்டின சக்கையை அடைமாவுல கலந்துடுங்க.

மோர்க்குழம்பு வேணும்னா இந்தத் தயிரையும் நம்பாதீங்க, கொதிச்சா பிரிஞ்சுடுது. தேங்காய், சீரகம், பச்சைமிளகாய், ஊறின துவரம்பருப்பு அரைக்கறப்போ 2 பெருநெல்லிக்காயையும் கொட்டை நீக்கி அரைச்சுக் கொதிக்கவிட்டுப் பாருங்க, புளிப்புக்குப் புளிப்பும் ஆச்சு, நிறமும் புளி ஊத்தின மாதிரி கருக்காது. வெண்டைக்காயை முன்னாடியே எண்ணெயில் வதக்கிப் போடணும், இல்லாட்டிக் குழம்பே வழவழன்னு போயிடும்.

மாடிவீட்டு மதுரைக்காரி

5 நாள் கழித்து வருகிறேன். கடலைத் தயிர் முதல் தடவை கீழே தண்ணீர், மேலே சுண்ணாம்பு மாதிரி ஒரு ஆடை. நாத்தம் இல்லை, நன்றாகக் கொதிக்கவைத்துவிட்டேன். இரண்டாம் தடவை நின்றது. இஞ்சி, பெருங்காயம், கறிவேப்பிலை தாளித்துக் கொட்டி மோராக்கினால் பாதி மோர் வருகிறது. பாதிதான். மகன் "நல்லா இருக்கும்மா" என்றான், அந்தக் குரல் எனக்குத் தெரியும், பள்ளிக்கூட நாடகத்தில் மரமாக நின்றுவிட்டு வந்தபோது நான் அவனிடம் சொன்ன அதே குரல்.

நெல்லிக்காய்க் குழம்பு மட்டும் அடித்துப் பிடித்துவிட்டது. மாமியார் என்ன என்று கேட்காமலே 2 கரண்டி ஊற்றிக்கொண்டார்.

நெல்லைக்காரன்

அவியலையும் அப்படியே செய்யலாமே. நாகர்கோவில் பக்கம் அவியலுக்குத் தயிருக்குப் பதில் புளியோ மாங்காயோ போடுகிறவர்கள் நிறையப் பேர். உங்கள் புடலை, கத்தரி, கொத்தவரை எல்லாம் அதில் ஒதுங்கிவிடும். பச்சைத் தேங்காயெண்ணெய் மட்டும் கடைசியில் தாராளமாக.

மாடிவீட்டு மதுரைக்காரி

அண்ணாச்சி, கொத்தவரைக்கு வழி கண்டுபிடித்துவிட்டேன். துவரையும் கடலைப்பருப்பும் ஊறவைத்து வத்தலோடு கரகரப்பாக அரைத்து, இட்லித்தட்டில் வேகவைத்து உதிர்த்து உசிலி. மிஞ்சினதை உப்புத்தண்ணீரில் ஒரு கொதி விட்டு வெயிலில் காயவைத்தேன், 3 நாளில் வத்தல்.

அந்த வத்தல்தான் கதையையே மாற்றியது. காய்ந்ததா என்று பார்க்க மாமியார் மாடிக்கு வந்தார். வந்தவர் வெயிலில் உட்கார்ந்து, நான் இந்த மோர்ப் புராணத்தைப் புலம்பிக்கொண்டிருந்ததைக் கேட்டுவிட்டு, "ஏண்டி, நாங்க நடவுக்குப் போறப்போ மோரையா கண்டோம்? மாடு வச்சிருந்தவங்க வீட்ல மோரு. எங்களுக்கு நீச்சத்தண்ணிதான்" என்றார். இத்தனை நாள் மோர் இல்லாதது சாப்பாடா என்று கேட்டது இதே வாய்தான்! நான் அதைச் சொல்லிக்காட்டவில்லை, மூன்று வேளையும் ஒரே அடுப்படி.

அன்று ராத்திரியே மிஞ்சின சோற்றில் தண்ணீர் ஊற்றி மண்சட்டியில் மூடி வைத்தார். குக்கர் சோறு வேண்டாம், வடித்த சோறுதான் வேண்டும் என்று எனக்குத் தனி உத்தரவு. மறுநாள் மத்தியானம் ரசச்சோறு முடிந்ததும் அந்த நீச்சத்தண்ணியில் பழையதை ஒரு பிடி கரைத்து, கல்லுப்பு, 2 சின்ன வெங்காயத்தை நறுக்காமல் கையால் நசுக்கிப் போட்டு, ஓரத்தில் வறுத்த கொத்தவரை வத்தலை வைத்து மகன் முன்னால் தள்ளினார். நான் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். தட்டைத் தூக்கிக் குடித்தான். "இன்னும் இருக்கா பாட்டி?" அவ்வளவுதான், 4 மணிக்கு டப்பா சத்தமே இல்லை.

அரைவேக்காடு

நான் 2 வருஷமாகச் சோயா, முந்திரி, ஓட்ஸ் என்று கரைத்துக் குடித்துக்கொண்டிருக்கிறேன், விடை சட்டிக்குள் இருந்திருக்கிறது. ஒன்று மட்டும், நீச்சத்தண்ணியில் பி12 கொட்டிக் கிடக்கிறது என்று சுற்றும் செய்தியை நம்பி மாத்திரையை நிறுத்திவிட வேண்டாம் என்று மகனிடம் சொல்லுங்கள்.

சந்தேகப் பிராணி

இதற்கு எனக்கு எதிர்ப்பு இல்லை. நானே வாரத்தில் 2 நாள் பழையதுதான். மோர் ஊற்றித்தான், ஆனாலும்.

கொங்குக்காரி

மழை நாள்ல சோறு சீக்கிரம் சரியா புளிக்காதுங்க, ஐப்பசி வந்ததும் சட்டியை அடுப்புப் பக்கத்துல வைங்க. வெயில் காலத்துல 10 மணி நேரத்துக்கு மேல வெளிய வச்சா நூல் விட்டுடும், அதைக் குடிக்கக்கூடாது.

மாடிவீட்டு மதுரைக்காரி

சரிங்க. பெரிய பாரம் இறங்கியது. மீன் அமில டப்பாவைத் தம்பி வீட்டு மாவுக்கு அனுப்பிவிட்டேன், புண்ணாக்கு ஊறுகிறது. "மாவு" இல்லை, மாமரம், அவசரத்தில் தட்டச்சிவிட்டேன், யாரும் பதற வேண்டாம்.

கடைசியாக ஒன்று, மண்புழு சார். ஆடியில் போட்ட அவரை பந்தல் முழுக்க இலையாக நிற்கிறது, ஒரு பூ இல்லை. தை பிறந்ததும் மகன் கிளம்பிவிடுவான், அதற்குள் காய்க்குமா? புண்ணாக்கைக் கூட்டலாமா?

மண்புழு

கூட்டவே கூட்டாதீர்கள், இன்னும் இலைதான் வரும். நாட்டுக் கொடி அவரைக்குப் பகல் நேரம் குறைய வேண்டும், அப்போதுதான் பூவெடுக்கும். ஐப்பசி கடைசியில் பூ தெரியும், மார்கழியில் நீங்கள் வேண்டாம் என்றாலும் காய்க்கும். நுனியைக் கொஞ்சம் கிள்ளிவிட்டு, அசுவினிப் பூச்சி வருகிறதா என்று மட்டும் இலைக்கு அடியில் பாருங்கள்.

மாடிவீட்டு மதுரைக்காரி

பார்த்தேன். வந்திருக்கிறது. வேப்பெண்ணெய் லிட்டருக்கு எவ்வளவு?

மண்புழு

5 மில்லி, கரைய 2 சொட்டுக் காதிசோப்பு. சாயங்காலம் அடியுங்கள்.